சமயபுரத்து நீர்மோரும் ஆஸ்பத்திரி அளவுக் குவளையும்

மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கியது முதல் பங்குனி மாதத்துக் கடைசி ஞாயிறு வரையில், 28 நாட்கள், சமயபுரத்து மாரியம்மன் தன் மக்களின் பொருட்டுத் தானே பட்டினி கிடக்கிறாள் என்பது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இருமருங்கும் வாழும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டிருக்கும் நம்பிக்கை. பச்சைப் பட்டினி விரதம் என்று அதற்குப் பெயர். அந்நாட்களில் சந்நிதியில் சமைத்த தளிகை நைவேத்தியமாவதில்லை. துள்ளுமாவும் நீர்மோரும் கரும்புச்சாறும் பானகமும் இளநீருமே அம்மனுக்குப் படைக்கப்படுகின்றன. தாய் உபவாசம் இருக்கும்போது பிள்ளைகள் வயிறு நிறைய உண்பது தகாது என்று அடியார்கள் பலரும் அதே ஆகார நியமத்தைக் கைக்கொள்ளுகிறார்கள். வெயில் முதிர்ந்து, கொள்ளிடம் மணற்காடாகி, ஊற்றுநீரும் குளத்துநீரும் கலங்கி, அம்மையும் வாந்திபேதியும் ஊர் ஊராகப் புகுந்து புறப்பட்ட பருவம் எதுவோ, அந்தப் பருவத்தின் வாசலிலேயே, உடம்பில் நீர் வற்றாமல் காக்கும் பானங்களை விரதத்தின் ஆகாரமாக வகுத்து வைத்த முன்னோர்களின் அனுபவ ஞானத்தை நான் வணக்கத்தோடு நினைக்கிறேன்.

வாடிய உடம்புக்கு நீர் கொடுக்கவேண்டும் என்ற அறிவு நம் நாட்டில் மிகப் பழமையானது. எவ்வளவு நீர் உடம்பை விட்டுப் போயிற்று, அதனோடு எவ்வளவு உப்புப் போயிற்று, அதற்கு ஈடாக எவ்வளவு கொடுக்கவேண்டும், எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ளவேண்டும் என்ற அறிவோ, மனித குலத்துக்கே மிகப் பிந்தி, எண்ணற்ற மரணங்களை விலையாகப் பெற்றுக்கொண்டு வந்து சேர்ந்தது. இன்று எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் நோயாளியின் கட்டிலருகே ஒரு தாள் இருக்கிறது. உட்சென்ற நீர் ஒரு பக்கமும் வெளிவந்த நீர் மறு பக்கமும் மணிக்கணக்கில் குறிக்கப்படும் அந்தத் தாளை, நோயாளியைப் பார்க்க வருகிற உறவினர்களில் நூற்றுக்கு ஒருவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தை, சமயபுரத்து மண்ணிலிருந்தே தொடங்கிச் சொல்லுதல் பொருத்தமாகும்.

சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர், பேருந்தில் கடந்து போகிறவர்களுக்கு எளிய ஓர் ஊராகத் தோன்றினாலும், 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர்களின் தமிழ்நாட்டு இராஜதானியாக விளங்கிய ஸ்தலம். வீர சோமேசுவரனும் அவன் மகன் வீர ராமநாதனும் இங்கிருந்து ஆட்சி செலுத்தினார்கள். ஹொய்சளர் எடுப்பித்த சிவாலயம் போஜீசுவரர் கோயில் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. அந்த ராமநாதன் காலத்தில், ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்துப் பெரிய கோயிலைச் சார்ந்து ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. படையெடுப்புக்களில் அது பாழ்பட்டுக் கிடந்ததையும், 1493-ஆம் ஆண்டில் கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமாளை அங்கே எழுந்தருளச் செய்ததையும் ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. தன்வந்திரி சந்நிதியில் வழிபாடு இன்றும் நடந்து வருகிறது. இதற்கு முன்பே, 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றையும், அதன் மருத்துவரையும், சல்லியக்கிரியை செய்வோரையும், பணிப்பெண்களையும், நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி என்ற படியையும் நிர்ணயித்திருக்கிறது. அரிசியை நாழியால் அளந்த நம் முன்னோர், நோயாளியின் உடம்பிலிருந்து கழிந்த நீரை அளந்ததாக அந்தக் கல்வெட்டில் குறிப்பில்லை.

அளக்கவில்லையே தவிர, கவனிக்காமல் இருந்துவிடவில்லை. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டையும் பார்த்தே நோயை நிர்ணயிக்கவேண்டும் என்பது சித்த வைத்திய முறை. அவற்றுள் சிறுநீரை மட்டும் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்து வகையாகப் பிரித்து ஆராய்வதற்கு நீர்க்குறி என்றும், அதில் நல்லெண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பதற்கு நெய்க்குறி என்றும் பெயர். இவை தேரையர் என்னும் சித்தரின் பெயரோடு சேர்த்து வழங்கப்படுகின்றன. வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தால், இன்றைய மருத்துவர் முதலில் பார்ப்பவை எவை? கண் குழிந்திருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா அல்லது மடிப்பு மெல்லத்தான் மறைகிறதா, நாடி ஓடுகிறதா, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்பவையே. எட்டில் ஐந்து இங்கே அப்படியே வந்துவிடுகின்றன. நெய்க்குறியை நவீன பரிசோதனைக்கு நிகராக வைத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நோயாளியின் நாக்கையும் கண்ணையும் தொட்டறியும் தோலையும் சிறுநீரையும் ஒருங்கே பார்க்கவேண்டும் என்று வகுத்த கண்கள் கூர்மையானவை என்பதில் ஐயமில்லை.

அம்மை கண்ட வீட்டின் ஒழுக்கமும் இதே அனுபவத்திலிருந்து பிறந்ததாகவே தோன்றுகிறது. வேப்பிலைப் படுக்கை, தாளிப்பில்லாத சமையல், வெளியார் வரத் தடை, நோயாளிக்கு அடிக்கடி இளநீரும் மோரும் நுங்கும் கூழும், கொப்புளம் அடங்கிய பின் நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் விடுதல் என்று அந்த நியமங்கள் போகும். பெரியம்மையின் கொடிய வகைகளில் உடல் முழுவதும் கொப்புளம் நெருக்கமாக எழுந்து உடைந்து, தீக்காயம் பட்டவனுக்குப் போலவே தோல் வழியாக நீரும் உப்பும் கசிந்து போகும். வாயிலும் தொண்டையிலும் புண்ணாகி விழுங்குவதே வேதனையாகும். ஜுரமோ எஞ்சிய நீரையும் வற்றச் செய்யும். சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பல்லாயிரம் பெரியம்மை நோயாளிகளைப் பார்த்து, 1972-இல் அந்த நோயைப் பற்றிப் பெருநூல் எழுதிய டாக்டர் ஏ. ஆர். ராவ் போன்ற மருத்துவர்களும், நோயை முறிக்கும் மருந்து கையில் இல்லாத நிலையில், இத்தகைய பராமரிப்பையே நம்பியிருக்கவேண்டியிருந்தது. வேப்பிலையும் மோரும் பெரியம்மையை ஒழிக்கவில்லை. அதை ஒழித்தது அம்மைப்பால் குத்துதலே. 1975-இல் இந்தியாவின் கடைசி நோயாளிகள் காணப்பட்டு, 1977-இல் நாடும் 1980-இல் உலகமும் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. எனினும், பிழைக்கக்கூடியவர்களைப் பிழைக்க விட்டதில், மணிக்கொரு தரம் சங்கில் ஊற்றிய மோருக்கும் பங்குண்டு என்று நான் கருதுகிறேன்.

வாந்திபேதியின் கதை வேறு. அங்கே தாயின் சங்கும் தோற்றது, வைத்தியரின் குளிகையும் தோற்றது, ராணுவ டாக்டர்களின் கத்தியும் தோற்றது. 1817-இல் வங்காளத்தில் கொள்ளைநோயாகக் கிளம்பிய காலரா, அடுத்த ஆண்டே சென்னை ராஜதானிக்குள் இறங்கிற்று. படைகள் நடந்த வழியிலும் யாத்திரிகர்கள் நடந்த வழியிலும் அது நடந்தது. திருச்சிராப்பள்ளியோ அக்காலத்தில் பெரிய ராணுவத் தாவளம். அதன் வடக்கே வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் கூடும் ஸ்ரீரங்கம். அதற்கும் வடக்கே சித்திரை முதல் செவ்வாய்த் தேருக்கு நாலா திசையிலிருந்தும் கால்நடையாக ஜனங்கள் வந்து சேரும் சமயபுரம். தெற்கே போகும் சாலையும் வடக்கே போகும் சாலையும் கூடும் இப்படிப்பட்ட ஊர், வியாதி பரவுவதற்கு எவ்வளவு தோதானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சென்னை மருத்துவ மன்றத்தின் காரியதரிசியாக இருந்த வில்லியம் ஸ்காட், ராஜதானி முழுவதிலுமிருந்து வந்த டாக்டர்களின் குறிப்புக்களைத் தொகுத்து 1824-இல் காலராவைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்துச் சிகிச்சை இன்று படிப்பவர் நெஞ்சைப் பதறச் செய்வது. நீரெல்லாம் கழிந்து ரத்தம் குழம்பாகிக் கிடந்த மனிதனின் நரம்பை வெட்டி, மேலும் ரத்தம் எடுத்தார்கள். பேதிக்குரிய பாதரச மருந்தாகிய காலோமலைக் கொடுத்தார்கள். அபினிச் சாராயத்தைக் கொடுத்தார்கள். தண்ணீர் தண்ணீர் என்று அவன் கதறியபோது, குடித்தால் வாந்தி அதிகரிக்கும் என்று சொல்லி அதை மறுத்தவர்கள் பலர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். வாந்தியும் பேதியும் விஷத்தை வெளியேற்ற உடம்பு செய்யும் முயற்சி என்ற சாஸ்திரத்தை நம்பியவர்கள். உடம்புக்குள்ளிருந்து போவது எது என்று அவர்கள் பார்க்கவில்லை. 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை ராஜதானியில் காலராவுக்கு இரையானவர்கள் லட்சக்கணக்கில் எண்ணப்பட்டனர். அன்றைய சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், பஞ்ச நிவாரணக் கூலியின் அற்பத்தனத்தை எதிர்த்து அரசாங்கத்தோடு வாதாடியும், அந்த மரணங்களை நிறுத்தும் சிகிச்சை எவர் கையிலும் இருக்கவில்லை.

எவர் கையிலும் இல்லை என்றேன். அது முற்றிலும் சரியன்று. அந்தச் சிகிச்சை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, மறக்கப்பட்டிருந்தது. 1831-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காலரா நுழைந்தபோது, 22 வயது இளைஞரான டாக்டர் ஓஷானஸி, நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பகுத்துப் பார்த்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதையும் அவை பேதியில் கிடப்பதையும் நிரூபித்தார். பின்னாளில் இவரே கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவர். அவருடைய கண்டுபிடிப்பைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1832-இல், உயிர் போகும் நிலையில் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றினார். 6 பைண்ட் நீர் ஏறியதும் குழிந்த கண்கள் நிமிர்ந்தன. குளிர்ந்த கைகளில் வெப்பம் வந்தது. அம்மூதாட்டி தெளிவாகப் பேசினாள். இனி அபாயமில்லை என்று எண்ணி, லாட்டா அவளை வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துப் போனார். பேதி நிற்கவில்லை, நீர் ஏற்றுவதோ நின்றுவிட்டது. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

திரவச் சமநிலை என்று இன்று மருத்துவ நூல்கள் விரித்துரைக்கும் சாஸ்திரத்தின் சாரம் முழுவதும் அந்த மூதாட்டியின் மரணத்தில் அடங்கியிருக்கிறது என்பேன். முன்பு போனதை ஈடுசெய்தால் போதாது. இப்போது போய்க்கொண்டிருப்பதையும் அளந்து, அதற்கு ஈடாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். போவதும் வருவதும் நிற்காத கடையில் ஒரு நாள் கணக்கெழுதி மறுநாள் விட்டுவிட்டால் என்ன ஆகுமோ, அதுவே உடம்பிலும் ஆகிறது. லாட்டா அடுத்த ஆண்டே மறைந்தார். கொதிக்க வைக்காத நீரால் கிருமி புகுந்து இறந்தவர்களும் இருந்தமையால் உப்புநீர்ச் சிகிச்சைக்கு அவப்பெயர் உண்டாயிற்று. முக்கால் நூற்றாண்டு அது உறங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியது இந்திய மண்ணே. கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் என்பவர், 20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், காலரா நோயாளிகளுக்குச் செறிவு மிகுந்த உப்புநீரை ஏற்றத் தொடங்கினார். அவர் செய்தவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது உப்புநீரைக் காட்டிலும் அவர் கையாண்ட அளவுமுறையே. கிளிசரினும் நீரும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த சிறு புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, நோயாளியின் விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தத் துளியை ஒவ்வொன்றிலும் விட்டு, அது எதில் மிதக்கிறது, எதில் ஆழ்கிறது என்று பார்த்து, ரத்தம் எவ்வளவு குறுகியிருக்கிறது, ஆகவே எவ்வளவு நீர் ஏற்றவேண்டும் என்று முடிவு செய்தார். நூற்றுக்கு 60 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் 30 பேர் என்னும் அளவுக்கு மரணம் இறங்கியது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாத வைத்தியசாலையில், கிளிசரின் புட்டி வரிசையைக் கொண்டு மனிதர்களை எமன் வாயிலிருந்து மீட்ட அந்த எளிமை, நம் மாவட்ட ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் அன்றே பரவியிருக்கவேண்டிய ஒன்று. பரவவில்லை என்பது வருந்தத்தக்கது. ஏற்றிய நீராலேயே நடுக்கமும் ஜுரமும் கண்ட காலமும் இருந்தது; வாலை வடித்த நீரிலும் கிருமிகள் விட்டுச் சென்ற பொருள் தங்குகிறது என்பதை 1923-இல் புளோரன்ஸ் சீபர்ட் என்ற அம்மையார் விளக்கிய பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

இதற்கிடையே, திருவிழா ஊர்களில் அரசாங்கம் செய்தது பெரும்பாலும் தடுப்புப் பணி. கிணறுகளில் மருந்திடுதல், யாத்திரிகர்களுக்கு ஊசி குத்துதல், நோய் கண்டவரைத் தனியே பிரித்து வைத்தல் ஆகியவை நாளடைவில் முறைப்பட்டு, 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி விதிகளாக இடம்பெற்றன. சமயபுரம் செல்லும் சாலைகளில் பக்தர்கள் தாமே அமைத்துவந்த தண்ணீர்ப் பந்தல்களும் நீர்மோர்ப் பந்தல்களும் இந்தச் சட்டத்துக்கு வெகு காலம் முற்பட்டவை. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்டதைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களே கூறுகின்றன. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடந்துவரும் ஒருவருக்கு உப்பிட்ட மோர் ஒரு குவளை கொடுப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்பதை, அந்த வெயிலில் நின்றவர்களே அறிவார்கள்.

இனி அளவின் கதைக்குத் திரும்புவோம். உடம்பை நிறுத்து அளக்கலாம் என்று முதலில் துணிந்தவர் இத்தாலியில் பாதுவா நகரத்துப் பேராசிரியர் சாந்தோரியோ. தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து உண்டு, உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-இல் அவர் வெளியிட்ட நூல், கண்ணுக்குத் தெரியாமலே உடம்பிலிருந்து கனம் குறைகிறது என்று காட்டிற்று. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கழியும் இந்த நீர், வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாகும். ஜுரம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 10 சதவீதம் மிகுதியாகும். எந்தக் குவளையும் இதை அளக்காது. அதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள், உட்சென்றது வெளிவந்தது என்ற கணக்கோடு, தினமும் காலையில் அதே தராசில் நோயாளியை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதையன்று. ஒரு லிட்டர் நீர் உள்ளே தங்கியிருக்கிறது என்பதே பொருள்.

காலராக் கட்டில் என்று ஒன்று உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் பாங்காக் காலராவின்போது பயன்படுத்தியது அது. துணிக்கட்டிலின் நடுவே துளை, அதன் கீழே அளவுக்கோடிட்ட வாளி, அவ்வளவுதான். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை கழியக்கூடும். வாளியின் கோட்டைப் பார்த்து, கழிந்த அளவே ஏற்றினால் நோயாளி பிழைக்கிறான். நுண்ணிய இயந்திரங்கள் பல வந்த பின்னும் அந்த வாளியைவிட நேர்மையான கருவியை நான் அறியேன். அருவருப்பை ஒதுக்கிவைத்து, இரவு இரண்டு மணிக்கும் குனிந்து அந்தக் கோட்டைப் படித்து எழுதிய தாதியர்களின் பெயரை எந்தச் சரித்திர நூலும் எழுதி வைக்கவில்லை.

ஏற்றுவதற்குப் புட்டியும் ஊசியும் இல்லாத ஊர்களில் என்ன செய்வது? 1953-இல் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, 186 காலரா நோயாளிகளுக்கு, ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கலந்து வாய் வழியாகவே கொடுத்துத் தேற்றியதாக எழுதினார். வாந்தியை அடக்க அவர் கையாண்டவற்றுள் ஒன்று, நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லி இலைச்சாறு. உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே குடலில் உறிஞ்சப்படுகின்றன என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் ஆராய்ச்சியாளர் விளக்கி, 1968-இல் டாக்காவில் நாலின், கேஷ் என்னும் மருத்துவர்கள் பரிசோதித்துக் காட்டிய பிறகே, வாய்வழி உப்புநீருக்குச் சாஸ்திரப் பிரமாணம் கிடைத்தது. 1971-இல் வங்க தேசத்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்த எல்லையோரப் பொங்காவ் முகாமில், ஏற்றுவதற்கு வைத்திருந்த புட்டிகள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனோபிஸ் துணிந்து, குளுக்கோஸையும் சமையலுப்பையும் சோடா உப்பையும் பொட்டலம் கட்டி, பெரும் பாத்திரங்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, மரணம் 4 பேருக்கும் கீழே இறங்கியது. 1978-இல் லான்செட் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களில் மிக முக்கியமானதாக இதுவே கருதப்படலாம் என்று எழுதியது. 2022-இல் மறைந்த அந்தப் பெருமகனுக்கு, மறு ஆண்டுதான் பத்ம விபூஷண் விருது வந்து சேர்ந்தது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1992-இல் சென்னையில் முதன்முதலாகக் காணப்பட்ட ஓ139 என்னும் புதிய காலராக் கிருமி, சில மாதங்களில் வங்காளம் வரை பரவி, மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும், எளிதில் செரியாத மாவுப்பொருளை உப்புக்கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் பேதியின் அளவு குறைகிறது என்று ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உப்பிட்ட அரிசிக்கஞ்சியைப் பேதிக்காரனுக்கு ஊட்டிய நம் பாட்டிமார்களின் கை, சரியான திசையிலேதான் சென்றிருக்கிறது. ஆயினும் பழைய பானங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வது தவறு. மோரிலும் கஞ்சியிலும் உப்பு உண்டு. பானகத்தில் வெல்லம் உண்டு, உப்பு அரிது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வெயிலில் நடந்து களைத்தவனுக்கு இவை யாவும் அமிர்தமே. காலராக் கண்டவனுக்கு இளநீர் ஒன்றே போதாது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த கரைசலில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சமையலுப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு என்று அளவு நிற்கிறது. இந்த நான்கு எண்களை நிர்ணயிக்க உலகத்துக்கு 170 ஆண்டுகள் பிடித்தன.

நீரைக் கொடுக்கக் கற்றுக்கொண்ட நாம், நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை என்பது இன்றைய நிலை. உடம்பு அசதி என்றால் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது ஊர்தோறும் வழக்கமாகிவிட்டது. வாயால் குடிக்கக்கூடியவருக்கு நரம்பில் ஊசி எதற்கு என்று கேட்பவர் இல்லை. இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் மிகையான நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் ஜுரத்தோடும் ரத்த ஓட்டத் தளர்ச்சியோடும் வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடந்து 2011-இல் வெளியான ஆராய்ச்சி, விரைவாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10.5 பேரும், அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 7.3 பேரும் 48 மணி நேரத்துக்குள் இறந்ததாகக் காட்டியது. வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. இழந்தவனுக்குக் கொடுப்பதும் இழக்காதவனுக்குத் திணிப்பதும் ஒன்றாகமாட்டா என்பதே அதன் பாடம்.

டெங்கு ஜுரம் இந்த நியாயத்தை நம் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. தட்டணு எத்தனை ஆயிரம் என்ற ஒரே கேள்வியோடு உறவினர்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தவிக்கிறார்கள். உள்ளே இருக்கும் மருத்துவரின் கவலையோ பெரும்பாலும் வேறு. ஜுரம் தணியும் சமயத்தில் 24 முதல் 48 மணி நேரம் வரை, ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறும். அப்போது குறைவாக ஏற்றினால் நாடி விழும். கசிவு நின்ற பிறகு, வெளியேறிய நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போது முன்போலவே ஏற்றிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரம்பும். நேற்று உயிர் காத்த அதே புட்டி இன்று உயிருக்கு அபாயமாகிறது. மணிக்கு மணி சிறுநீர் அளவையும், ரத்தத்தின் செறிவையும், நாடி அழுத்தத்தையும் பார்த்து எழுதிய தாள் ஒன்றே அந்தத் திருப்பத்தை உரிய நேரத்தில் காட்டும். திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும், அதனோடு இணைந்து 1997-இல் தொடங்கப்பெற்று, அவ்வூர்த் தமிழறிஞர் கி. ஆ. பெ. விசுவநாதம் பெயர் தாங்கும் மருத்துவக் கல்லூரியிலும், அவை போன்ற எல்லா இடங்களிலும் பயிலும் இளம் மருத்துவர்கள் இந்தத் தாளை எழுதவும் படிக்கவும் தேர்ந்தவர்களாக வேண்டும். அதை எழுதப் போதிய செவிலியர் இருக்கும்படி செய்வது அரசாங்கத்தின் கடமை. பல கட்டில்களுக்கு ஒரே செவிலியர் என்றால், எண்கள் கணக்கிலிருந்து ஊகத்துக்கு நழுவிவிடும்.

நோயாளிக்குத் துணையிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நோயாளி குடித்த காபி, மோர், கஞ்சி, மாத்திரையோடு குடித்த தண்ணீர் அனைத்தையும் அளவு தெரிந்த ஒரே தம்ளரில் கொடுத்து, நேரத்தோடு ஒரு தாளில் குறித்து, செவிலியரிடம் சொல்லுங்கள். சிறுநீரை அளக்காமல் கொட்டிவிடாதீர்கள். வாந்தியையும் பேதியையும் கூச்சமின்றித் தெரிவியுங்கள். காலையில் எடை பார்க்கவில்லையென்றால், பார்க்கும்படி பணிவோடு கேளுங்கள். அன்பினால் வாங்கி வரும் இளநீரையும், சிறுநீரக நோயாளிக்கும் இதய நோயாளிக்கும், மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள்.